உட்கார்ந்தபடியே ரோந்து போனவர்

எங்கள் அத்தானைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோம்பேறி என்பவன் சும்மா இருப்பவன். அத்தான் சும்மா இருந்ததே இல்லை. ஒரு வேலையைச் செய்யாமலே செய்ததாகக் காட்டுவதற்கு, அந்த வேலையைச் செய்வதைவிட அதிகமாகப் பாடுபட்டவர். அப்படி ஓர் உழைப்பாளியை எங்கள் குடும்பம் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அவர் என் அக்காவின் கணவர். ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவலாளி. அதே கட்டடத்தின் அடித்தளத்தில் என் அப்பா பம்ப் ஆபரேட்டராக இருந்தார். அந்தப் பம்ப் அறையிலேயே அப்பா இறந்துபோனார். வேலை பார்க்கும்போது இறந்தாரா, திருட வந்த இடத்தில் இறந்தாரா என்று நிர்வாகம் ஒரு விசாரணை வைத்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அத்தான். அதனால்தான் அவரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அவருக்காக ஒரு பக்கத்தைக்கூட வீணாக்கியிருக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு முன்பு அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற வேலையில் இருந்தார். போக மாட்டார். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். எந்த வீட்டில் புதிதாக ஏசி மாட்டியிருக்கிறார்கள், எந்த வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள், எந்த வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்பதையெல்லாம் டீ போடுகிறவரிடம் விசாரித்து, அதற்குத் தகுந்த மாதிரி ஓர் எண்ணை எழுதிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்று பெருமை வேறு. இடித்துத் தரைமட்டமாக்கிய ஒரு வீட்டுக்கும் அப்படி எழுதிக் கொடுத்ததில் அந்த வேலை போனது. பெண் பார்க்க வந்தபோது, "அலைச்சல் ஜாஸ்தி, அதான் விட்டுட்டேன்" என்று சொன்னார். பொறுப்பான பையன் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்தது பார்சல் கொண்டு போய்க் கொடுக்கும் வேலை. மாடிப்படி ஏற வேண்டிய வீடு என்றால், கீழே நின்றபடியே 'வீட்டில் ஆள் இல்லை' என்று குறித்துவிட்டுப் போய்விடுவார். ஆள் இல்லாத வீட்டு ஜன்னலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துக் கத்தினால், தலையை நிமிர்த்தாமல் வண்டியைக் கிளப்புவதில் தேர்ச்சி பெற்றிருந்தார். அந்த வேலையும் போனது. அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்த சமயம். அப்பாதான் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கட்டடத்துக்கு ஆள் அனுப்பும் காவல் நிறுவனத்தில் சேர்த்துவிட்டார். தன் வாழ்க்கையில் அப்பா ஒருவரிடம் போய் நின்று சிபாரிசு கேட்டது அந்த ஒரு முறைதான்.

காவலாளிக்கு முக்கியமான வேலை ரோந்து. மணிக்கு ஒரு தடவை மொட்டை மாடிக் கதவு, லிப்ட் அறை, ஜெனரேட்டர், மாடிப்படிகள், வண்டி நிறுத்துமிடம், பம்ப் அறை எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். முன்பெல்லாம் பார்த்ததற்கு அடையாளமாக ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அத்தான் அன்றைய நாள் முழுவதற்குமான கையெழுத்தைக் காலையிலேயே போட்டுவிடுவார். சந்தேகம் வரக்கூடாது என்று வேறு வேறு பேனாவில் போடுவார். அவர் வாசல் நாற்காலியை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை என்பதால், உடன் வேலை பார்த்தவர்கள் அவருக்கு 'சேர்மன்' என்று பேர் வைத்திருந்தார்கள். அதை ஏதோ பதவி மாதிரி எடுத்துக்கொண்டார்.

நிர்வாகத்துக்கு எப்படியோ விஷயம் எட்டியது. ஒரு மென்பொருள்காரரை அழைத்து வந்தார்கள். அவர் ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிக் கட்டங்கள் சிதறிக் கிடக்கும் சதுரம், மூன்று மூலையில் மூன்று பெரிய கண். காவலாளி அங்கே போய்த் தன் போன் கேமராவை அதற்கு நேராகப் பிடிக்க வேண்டும். போன் அதைப் படித்து இடத்தின் பெயரைக் காட்டும். 'ஒழுங்காக உள்ளது', 'பிரச்சினை' என்று கீழே இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்றை அழுத்தினால் மேலாளரின் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி விழும். ஒழுங்கு என்றால் பச்சை. போன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்கும்படிதான் முதலில் செய்திருந்தார்கள். அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காமல் அது ஓயாமல் தகராறு செய்யவே, அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று மென்பொருள்காரர் அறிவித்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டவர்களுக்கு இப்படி அறிவிப்பதில் ஒரு தனி சுகம்.

அத்தான் மறுநாள் கட்டடம் முழுவதும் நடந்தார். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் அப்படி நடந்தது அன்று ஒரு நாள்தான். அதற்கே அக்கா அவர் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொண்டு பிரிண்ட் போடும் கடைக்குப் போனார். முதலில் பளபளப்பான தாளில் போட்டார். வெளிச்சம் பட்டுத் தெறித்ததில் கேமராவால் படிக்க முடியவில்லை. லேமினேஷன் செய்தார், இன்னும் மோசம். சாதாரணத் தாளில், ஒவ்வொரு சதுரத்தைச் சுற்றியும் கொஞ்சம் வெள்ளை விட்டுப் போட்டபோது சொன்னபடி கேட்டது. அந்தத் தாள்களை ஒரு கனமான அட்டையில் இரண்டு பக்கமும் ஒட்டி, கீழே ஒரு குச்சி வைத்து, விசிறி மாதிரி செய்துகொண்டார். வாசலில் ஒரு காவலாளி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

இதையெல்லாம் நான் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரே சொன்னதுதான். புதுமாப்பிள்ளை தேனிலவுப் படங்களைக் காட்டுவது போல விசிறியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஸ்கேன் செய்தால் மாட்டிக்கொள்வோம், இரண்டு இடங்களுக்கு நடுவே நடக்கிற நேரத்தை விட்டுத்தான் செய்ய வேண்டும் என்று விளக்கினார்.

"மொட்டை மாடிக்கு ஏறினா மூச்சு வாங்கும்ல? அதுக்குன்னு கொஞ்சம் கூடுதலா டைம் விடுவேன்" என்றார்.

சாப்பாடு தொண்டையில் சிக்கிக்கொள்ளும்படி அக்கா சிரித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பா மட்டும் கேட்டார்.

"அப்போ எங்கயாவது பைப் உடைஞ்சு தண்ணி கொட்டினா யாருக்குத் தெரியும் மாப்பிள்ளை?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே மாமா."

அப்பா கை கழுவ எழுந்துவிட்டார். மாப்பிள்ளையிடம் ஓர் அளவுக்கு மேல் பேசக்கூடாது என்று நினைக்கிற தலைமுறை.

கலையைத் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்கிற அற்பப் புத்தி அத்தானுக்கு இல்லை. மற்ற ஷிப்ட் காவலாளிகளுக்கும் ஆளுக்கொரு விசிறி செய்து கொடுத்தார். அதன்பிறகு அந்தக் கட்டடத்தில் மணிக்கு மணி பச்சைப் புள்ளிகள் மழையாகப் பொழிந்தன. நகரத்திலேயே ஒழுங்கான கட்டடம் என்று மேலாளர் தன் மேலதிகாரிகளுக்கு அதை எடுத்துக் காட்டினாராம்.

அது ஒரு விடுமுறை நாள். அலுவலகங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. வாசலில் காலையிலிருந்து மாலை வரை அத்தான். விடுமுறை நாளில் இரவுக் காவல் கிடையாது, மாலையில் வாசலைப் பூட்டிவிடுவார்கள். அப்பாவுக்கு நண்பகல் வரைதான் வேலை. தொட்டிகளை நிரப்பிவிட்டுக் கிளம்பிவிடலாம். அக்காவின் வீடு பக்கத்திலேயே இருந்ததால், விடுமுறை நாள் வேலை முடிந்தால் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய், இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில்தான் எங்கள் வீட்டுக்கு வருவார். அன்று வராதபோது அம்மாவும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டோம். அக்கா, அவர் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. மாலையில் அத்தான் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டிருக்கிறாள், அப்பா கிளம்பிட்டாரா என்று.

"மதியமே கிளம்பிட்டாரே."

"சொல்லிட்டுப் போனாரா?"

"ம்."

அவர் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், எழுந்து கட்டடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். எதைக் கேட்டாலும் 'ஒழுங்காக உள்ளது' என்று அழுத்திப் பழகிய விரல். வாயும் அதே மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் கட்டடத்தின் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. துப்புரவு வேலை பார்க்கும் பெண்மணி பம்ப் ஆபரேட்டரைத் தேடிக்கொண்டு கீழே போனார். அப்படித்தான் அப்பா கிடைத்தார்.

மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மதியத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார்.

காரியங்கள் முடிந்த கையோடு மேலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் நல்லவர்தான், நல்லவராக இருப்பதற்கு அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். அன்று மதியம் முழுக்க, மணிக்கு ஒரு தடவை, பம்ப் அறைக்கு நேராகப் பச்சைப் புள்ளி. காவலாளி ஒவ்வொரு தடவையும் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார், உள்ளே யாரும் இல்லை, எல்லாம் ஒழுங்கு. அப்படியென்றால் அப்பா நண்பகலிலேயே வெளியே போய்விட்டு, இருட்டிய பிறகு வண்டிகள் இறங்கும் சரிவு வழியாக யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்திருக்க வேண்டும். எதற்காக? அவருக்குப் பக்கத்தில் ஒரு துணியில் சுற்றி, பம்ப்பிலிருந்து கழற்றிய பித்தளை வால்வு ஒன்று கிடந்தது.

"உங்க அப்பாவைப் பத்தி நான் எதுவும் சொல்லல சார். சிஸ்டம் சொல்றதைத்தான் சொல்றேன்" என்றார் மேலாளர்.

அத்தானும் அங்கே இருந்தார். ஒவ்வொரு ரவுண்டிலும் எட்டிப் பார்த்தேன், மாமா அங்கே இல்லை என்று சொல்லி அழுதார். அவர் சொன்னதில் கண்ணீர் ஒன்றுதான் அசல். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறியை நான் பார்த்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அன்று ஒரு நாளாவது, அடித்தளம் வரையாவது போயிருக்க மாட்டாரா என்று நினைக்கும் அளவுக்கு நான் அப்போது முட்டாளாக இருந்தேன். கடைசி விசாரணைக்கு ஒரு நாள் குறித்தார்கள். அன்று முடிவு எழுதப்படும்.

அதற்குள் கட்டடத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். சாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க அப்பா மாதிரி உண்டா என்று சொன்ன அதே வாய்கள், இத்தனை வருஷத்தில் எத்தனை வால்வு போயிருக்குமோ என்று பேச ஆரம்பித்தன. லிப்ட் இயக்குபவர், விசாரணை விஷயமாக நான் போய் லிப்டில் ஏறினால் கதவு மூடுகிறவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் காதுக்கு இன்னும் போகவில்லை. போவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை.

அப்பாவின் சாமான்களை எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக் கூடு, சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சட்டை. அந்தத் துப்புரவுப் பெண்மணிதான் என்னைக் கீழே அழைத்துப் போனார். பம்ப் அறைக்குப் புதிதாக ஓர் இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். நீலப் பெயின்ட். நான் அதன் முன்பக்கத்தைப் பார்த்தேன், பின்பக்கத்தைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். ஸ்டிக்கரைக் காணவில்லை.

"இந்தக் கதவு எப்போ போட்டாங்கம்மா?"

"அது ஆச்சே ரொம்ப நாளு. மழையில பழைய மரக்கதவு ஊறிப்போய் மூடவே வரல. உங்க அப்பாதான் சொல்லிச் சொல்லி இதைப் போட வச்சாரு."

"பழைய கதவுல ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சே?"

"கதவை ஆசாரி வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. அது மேலே ஒட்டியிருந்ததும் போயிருக்கும். யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கப்போகிறார்கள்? கதவு போன பிறகும் பச்சைப் புள்ளி தவறாமல் வந்துகொண்டிருந்தது. எந்தத் தச்சுப் பட்டறையிலோ விறகாகிப்போன ஒரு கதவை, அத்தானும் அவருடைய சீடர்களும் மணிக்கு மணி பார்த்து, ஒழுங்காக உள்ளது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வால்வைப் பற்றியும் அந்தப் பெண்மணிக்குத் தெரிந்திருந்தது. முந்தின நாள்தான் அப்பா அவரிடம், வால்வில் துரு அடைத்துத் தண்ணீர் மேலே ஏற மாட்டேன் என்கிறது, ஆள் இல்லாத நாளாகப் பார்த்துக் கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இதை மேலாளரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "என்னை யாரு தம்பி கேட்டாங்க?" என்றார்.

பிறகு, கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார். அப்பா பம்ப்புக்குப் பக்கத்தில் கிடக்கவில்லை. வால்வையும் துணியையும் இழுத்துக்கொண்டு கதவுக்கிட்ட வந்திருந்தார். கை வெளியே பார்த்து நீட்டியபடி இருந்தது. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவைப் பற்றி மட்டும் சொன்னேன். அத்தான் கண் இமைக்கும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஓ, அதுவா? கதவு மாத்தும்போது மாமாதான் அதைப் பிச்சு எங்கிட்ட குடுத்தாரு. பத்திரமா வச்சுக்கங்க மாப்பிள்ளைன்னாரு."

மீட்டரைப் பார்க்காமல் எண் எழுதிய ஆளின் சாமர்த்தியம் எதுவரை போகும் என்று அப்போதுதான் பார்த்தேன். எதிர்த்துப் பேச முடியாத ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார். அதோடு, ஸ்டிக்கர் இல்லாமல் போனதற்கும் அப்பாதான் காரணம் என்று ஆகிவிட்டது.

அதைச் சொல்லி முடித்ததும் அவருக்குத் தெம்பு வந்தது. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொன்னா என் வேலை போயிடும் மச்சான். உங்க அக்காவை நெனச்சுப் பாரு, பிள்ளைங்களை நெனச்சுப் பாரு. மாமா போய்ச் சேர்ந்துட்டாரு. பேரை வச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணப் போறாரு?"

அக்கா மடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"ஏங்க, அன்னிக்கு அப்பா மதியமே கிளம்பிட்டாருன்னு சொன்னீங்களே. பார்த்தீங்களா?"

"இப்போ எதுக்கு அதெல்லாம்?"

"சொல்லிட்டுப் போனாரான்னு கேட்டேன். ம்னு சொன்னீங்க."

அத்தான் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அக்கா மற்ற துணிகளையெல்லாம் மடித்து வைத்தாள். அவருடைய சீருடைச் சட்டையை மட்டும் அப்படியே சுருட்டி நாற்காலியில் போட்டாள்.

விசாரணை மேலாளரின் அறையில் நடந்தது. காவல் நிறுவனத்தின் சூப்பர்வைசர் வந்திருந்தார். மென்பொருள்காரர் தன் லேப்டாப்போடு வந்திருந்தார். அக்கா வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு நாற்காலி போடவில்லை. சுவரோரமாக நின்றாள். நான் கதவைப் பற்றியும், வால்வைப் பற்றியும், துப்புரவுப் பெண்மணி சொன்னதையும் சொன்னேன். அத்தான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னார். ஸ்டிக்கர் வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம், தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கீழே போய், கதவருகே நின்று ஸ்கேன் செய்வாராம். சூப்பர்வைசர் பலமாகத் தலையாட்டினார். அவருக்கு இப்போது வேண்டியது ஒரு பதில். எது என்பது முக்கியமில்லை.

அப்போது அக்கா பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"இவரு எங்கயும் போக மாட்டாருங்க. எல்லாத்தையும் அட்டையில ஒட்டி வச்சுக்கிட்டு, சேர்ல உட்கார்ந்தபடியே ஸ்கேன் பண்ணுவாரு. வீட்டுல எங்ககிட்ட காட்டியிருக்காரு. நாங்க சிரிச்சிருக்கோம்."

அத்தான் எழுந்து நின்று, இவளுக்கு அப்பா போனதிலிருந்து மனசு சரியில்லை என்றார். மேலாளர் மென்பொருள்காரரைப் பார்த்தார். மென்பொருள்காரருக்கு இப்போது தன் மானமும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. சாய்ந்து உட்கார்ந்து, ஒரு புன்னகையோடு ஆரம்பித்தார்.

"அதெல்லாம் நடக்காதும்மா. போட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டா வெளிச்சம் அடிக்கும், ஓரம் வெட்டுப்படும், படிக்காது. அதுக்கெல்லாம் டெக்னிக்கலா விஷயம் தெரியணும்." அத்தானை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தார். "இவரால அதெல்லாம் முடியாது."

அத்தான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஜெயித்திருப்பார். அவர் சொன்ன பொய்யை அவருக்காக ஒரு படித்தவர் நிரூபித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் வாழ்நாளில் அவர் உண்மையாகக் கஷ்டப்பட்டுச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதை முடியாது என்று ஒருவர் சொல்வதைக் கேட்க அவரால் முடியவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"ஏன் முடியாது? முடியாதுன்னு நீங்க எப்படி சார் சொல்லலாம்?"

டியூட்டிக்குக் கொண்டுவரும் பையிலிருந்து விசிறியை எடுத்தார். போனை எடுத்தார். தலைக்கு மேலே எரிந்த ட்யூப் லைட்டைப் பார்த்து, விசிறியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். போன் ஒரு தடவை சிணுங்கியது. அவர் அழுத்தினார். மேலாளரின் திரையில், பம்ப் அறைக்கு நேராக, ஒரு பச்சைப் புள்ளி வந்து உட்கார்ந்தது.

"பளபளப்புத் தாள் கூடாது சார். சுத்தி வெள்ளை விடணும். வெளிச்சம் நேரா விழாம சாய்ச்சுப் பிடிக்கணும், அவ்வளவுதான்" என்று மென்பொருள்காரருக்குப் பாடம் நடத்தினார். வித்தை காட்டிவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருப்பவர் போல எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். கடைசியாக அக்காவைப் பார்த்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. விசிறியை மெதுவாக மேஜைக்குக் கீழே இறக்கினார்.

மேலாளர் திரையில் பழைய நாட்களின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அவர் மேலதிகாரிகளுக்குக் காட்டிப் பெருமைப்பட்ட அத்தனை பச்சையும் அந்த விசிறியிலிருந்து வந்தது என்பது கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குள் இறங்கியிருக்க வேண்டும். அந்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பழுது பார்க்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது உயிரிழந்தார் என்று அப்பாவின் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது. லிப்ட் இயக்குபவர் என்னைப் பார்த்து மறுபடியும் தலையசைக்க ஆரம்பித்தார்.

அத்தானை வேலையை விட்டு நீக்கவில்லை. காவல் நிறுவனம் அவரை வேறொரு கட்டடத்துக்கு மாற்றியது. அங்கேயும் இதே ஸ்டிக்கர் ஏற்பாடு வருகிறதாம். அதில் யாரும் ஏமாற்றாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டு மென்பொருள்காரர் இவருக்குப் போன் செய்கிறாராம். பெரிய ஆட்களெல்லாம் தன்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறார். அக்கா அவரோடுதான் இருக்கிறாள். சமைக்கிறாள், சாப்பாடு போடுகிறாள். அவர் எதையாவது சொன்னால், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அடுப்பை அணைத்துவிட்டேன் என்றாலும் சரி, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டான் என்றாலும் சரி.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் சிலர் அம்மாவைப் பார்க்க வந்திருந்தார்கள். அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது பெரியப்பா அந்த விசாரணையைப் பற்றிக் கேட்டார். அத்தான் சொன்னார். மாமாவின் பேருக்கு ஒரு களங்கம் வருகிறது என்று தெரிந்ததும் தன்னால் பொறுக்க முடியவில்லையாம். தன் வேலையே போனாலும் போகட்டும் என்று, எல்லோருக்கும் முன்னால் தானாகவே எழுந்து, அன்று மதியம் ஒரே ஒரு ரவுண்டு மட்டும் தவறிவிட்டது என்ற உண்மையை ஒப்புக்கொண்டாராம். சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கியது. பெரியப்பா அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்பாவை ஒரு நாள் திருடர் என்று சொன்னார்கள் என்பதே அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அத்தானின் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க புண்ணியத்துல அவரு பேரு பொழைச்சுது மாப்பிள்ளை. அவராவது கஷ்டப்படாம, உட்கார்ந்த இடத்துலயே போயிட்டாரு. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

அக்கா எழுந்து சமையலறைக்குள் போனாள். உள்ளே குழாய் திறந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது; பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கவில்லை. அத்தான் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் அவர் கதை அந்த நிமிடமே முடிந்துவிடும். ஆனால் அவர் எந்த ரவுண்டும் போகவில்லை என்று நான் சொன்னால், அம்மா அடுத்ததாக என்ன கேட்பாள் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் கிடந்தார், எங்கே கிடந்தார் என்று கேட்பாள்.

"ஆமாம்மா" என்றேன். "அத்தான்தான் சொன்னாரு."

செம்பை எடுத்து அவருடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். அவர் போதும் என்று கையைக் காட்டினார். பிறகு நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.